ஆபீஸ் புயல்

"கோப்பையை விடுங்க சார்! கையை நீட்டினாத்தானே ஊசி போட முடியும்?"

நர்ஸ் இழுக்க இழுக்க அப்பா விடவில்லை. படுக்கையில் கிடந்தபடியே அந்தப் பித்தளைக் கோப்பையைப் பச்சைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் ஏற்கெனவே ஒயர் ஒயராக ஒட்டியிருந்தார்கள்.

அம்மா வேலை செய்யும் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து அழுதாள். பகலெல்லாம் வெயிலில் கறுத்துப்போன என் கையில், அவள் விரல்களுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

எனக்கு அழுகை வரவில்லை.

"கல்லு மாதிரி நிக்கிறா பாரு! பெத்த அப்பன்டி அவரு!" என்றாள் அம்மா.

பெத்த அப்பன்தான். அதனால்தான் அழுகை வரவில்லை.

அப்பாவின் எம்.டி.க்கு உடற்பயிற்சிப் பைத்தியம். 'தன் உடம்பை மேய்க்கத் தெரியாதவன் பத்துப் பேரை எப்படி மேய்ப்பான்?' என்பார். கோடைப் போட்டி என்று அறிவித்து, ஆளுக்கொரு வாட்ச் கொடுத்துவிட்டார். நடை, ஓட்டம், நெஞ்சுத் துடிப்பு எல்லாம் அதிலிருந்து நேராக ஆபீசுக்குப் போய்விடும். ஜெயிப்பவருக்குக் கோப்பை, அதோடு காலியாக இருக்கும் மேனேஜர் நாற்காலி.

இன்றுதான் கடைசி நாள். காலையில் பூங்காவைச் சுற்றிச் சுற்றி ஓட்டம், மதியம் கோல்ஃப், சாயங்காலம் திறந்தவெளியில் இசைக் கச்சேரி. வாட்ச் அனுப்பிய கணக்கைப் பார்த்து ஆபீஸே வாயைப் பிளந்தது. அப்பாவுக்குப் 'புயல்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

"ரிமோட்டு கீழ விழுந்தா எடுத்துக் குடுக்க என்னைக் கூப்பிடுற மனுஷன், புயலாம்ல!" மதியம் போனில் அம்மா சிரித்தாள். அதில் பெருமையும் இருந்தது.

கோல்ஃப் மைதானத்தில் அந்தப் பெருமையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பாட்டில் தண்ணீரை எடுத்து முகத்தில் தெளித்துக்கொள்வார். முன்னால் போகும் எம்.டி. திரும்பினால் நாய் மாதிரி இரைப்பார். எம்.டி. மேட்டைத் தாண்டியதும் மரத்தடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஐஸ்கிரீமை நக்குவார். மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு, பந்து பொறுக்கக் குழிக்குக் குழி ஓடியது நான்.

"அசிங்கமா இல்லையாப்பா?" என்றேன்.

"எல்லாம் உன் காலேஜ் படிப்புக்குத்தாண்டா கண்ணு," என்றார், உதட்டோரம் வழிந்த ஐஸ்கிரீமைத் துடைத்தபடி.

கச்சேரியிலும் விடவில்லை. ஸ்பீக்கர் பக்கத்தில் என்னை நிறுத்தி, "சும்மா மரம் மாதிரி நிக்காதே, குதி!" என்றார். குதித்தேன். டிரம் அடி காதில் விழாமல் நெஞ்சுக்குள்ளேயே விழுவது போலிருந்தது. கண் இருட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா கூட்டத்தை விலக்கி வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். அடுத்து நான் பார்த்தபோது மேடையில் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கி நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம புயலோட இன்னைய சாதனையைப் பாருங்க!" என்று எம்.டி. கைகாட்டியதும், வாட்ச் அனுப்பியிருந்த நெஞ்சுத் துடிப்புப் படம் பெரிய திரையில் வந்தது. ஒரே கைதட்டல். ஆனால் முன்வரிசையில் இருந்த கம்பெனி டாக்டர் மட்டும் நாற்காலியைத் தள்ளிவிட்டு மேடைக்கு ஓடினார்.

"சார், அசையாதீங்க! அப்படியே உட்காருங்க. யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

அப்படித்தான் இந்தப் படுக்கைக்கு வந்து சேர்ந்தோம்.

பரிசோதனை முடிந்து ஆஸ்பத்திரி டாக்டர் வந்தார். அம்மா எழுந்து நின்றாள். அப்பாவின் கால்மாட்டில் நான் நின்றிருந்தேன்.

"உங்க ஹார்ட்டுக்கு ஒரு குறையும் இல்ல. குண்டுக்கல்லு மாதிரி இருக்கு."

"எனக்குத் தெரியும்! யாரு, நம்ம புயலாச்சே!" கூடவே வந்திருந்த எம்.டி. அப்பாவின் தோளைத் தட்டினார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அப்போ வாட்ச்ல இருக்கிறது உங்க துடிப்பு இல்ல. இது விட்டு விட்டு, தாறுமாறா அடிக்குது. இந்தத் துடிப்புக்காரங்க இன்னொரு தடவை இப்படி ஓடினா, விழுந்த இடத்துலயே போயிடலாம். மறைக்காம சொல்லுங்க சார். இன்னைக்கு இந்த வாட்சைக் கட்டியிருந்தது யாரு?"

அப்பா எம்.டி.யைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன். போர்வைக்குள்ளிருந்து அப்பாவின் கால் என் இடுப்பில் ஒரு உதை விட்டது.

"வேற யாரு டாக்டர்? நான்தான்."

"அப்போ வாட்சுக்குத்தான் மாரடைப்பு!" என்று எம்.டி. சிரித்தார். அப்பாவும் சிரித்தார். மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கி, காலையிலிருந்து வாட்ச் கிடந்த அந்த வெளுத்த பட்டையை நான் மூடிக்கொண்டேன்.

இப்போது வீடே தூங்குகிறது. கோப்பை டிவி மேல் இருக்கிறது. கச்சேரி முடிந்தும் என் நெஞ்சுக்குள் டிரம் மட்டும் நிற்கவில்லை. அடிக்கிறது, ஒரு அடி தவறுகிறது, மறுபடி அடிக்கிறது.

டாக்டர் சொன்னது அப்பாவுக்குப் புரியவில்லையா? இல்லை, புரிந்துதான் உதைத்தாரா?