சாலை பிரியும் இடம்

காட்டுக்குப் போகும் சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஜீப் உறுமிக்கொண்டு நிற்கிறது. "வடக்கு வாசலா, கிழக்கு வாசலாக்கா?" என்று டிரைவர் கேட்கிறார். அம்மா மடியிலிருக்கும் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கிறாள், மூடுகிறாள். பின்சீட்டில் மகள் எழுத்துக்கூட்டுகிறாள். வாசிக்கப் பழகியதிலிருந்து அவள் ஒரு பலகையையும் விட்டுவைப்பதில்லை. டயர் கடை, மருந்துக் கடை, 'ஹாரன் அடிக்காதே' என்று வழிநெடுக வாய் ஓயவில்லை. அப்பா காட்டுக்குள்ளே வேலையாக இருக்கிறார் என்றுதான் அவளிடம் சொல்லிவைத்திருக்கிறது. அந்தக் காட்டை மறுபடியும் காட்டு என்று அவள் பிடித்த பிடியில்தான் இன்று கிளம்பியதே. வடக்கு வாசலில், டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில், தீயை அணைக்கப் போய்த் திரும்பாத வனக்காவலரான அவள் அப்பாவின் பெயரை வெட்டிய கறுப்புக் கல் நிற்கிறது. போன தடவை மகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து காலாட்டிக்கொண்டே பிஸ்கட் தின்றாள். அப்போது அவளுக்கு அது வெறும் கல்.

"கிழக்கு."

"சுத்து வழிக்கா. புழுதி வேற மண்டும்."

"பரவால்ல, அதுலயே போங்க."

ஜீப் திரும்புகிறது. அம்மாவின் மடியில் கிடந்த வெயில் நழுவி டிரைவரின் தோளுக்குப் போகிறது. பின்னால் எழுத்துக்கூட்டும் சத்தம் நின்றுவிட்டது. அம்மா திரும்பிப் பார்க்கிறாள். மகள் சீட்டின்மேல் முட்டிபோட்டு, பின்கண்ணாடியில் மூக்கை அழுத்தி, விலகிப்போகும் வடக்குச் சாலையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏம்மா, நாம இந்தப் பக்கம் போற நேரமாப் பாத்து அப்பா அந்த வாசல் வழியா வெளிய வந்துட்டா?"