புது பேக்கேஜ்

"இளமதி! என் கம்ப்யூட்டரு கருப்பாவே நிக்குது. கார்த்திகை வெளக்கு ஆர்டரு பூரா அதுலதான் இருக்குது. மத்தியானத்துக்குள்ள லிஸ்ட்டு அனுப்பலன்னா பார்ட்டி வேற ஆளப் பாத்துக்குவாரு. என்னடி பண்ண?"

விருத்தாசலம் செராமிக் பட்டறையின் முதலாளி பானுமதி, எதிர் மேசையில் இன்னொரு கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்திருந்த மருமகளிடம் பாய்ந்தாள்.

"காலையில உங்களோடதுல புது சாஃப்ட்வேர் பேக்கேஜ் போட்டேன் அத்த. இன்னும் முழுசா சரிபார்க்காத பதிப்பு."

"சரிபார்க்காதத என்னோடதுலயா போடுவ? பளபளப்புக்குப் பூசுற புது கிளேஸ் வந்தா சூளை பூராவுமா அடுக்குறோம்? ஒரே ஒரு அகல்ல பூசி, சுட்டுப் பாத்துட்டுத்தான மத்ததுக்குப் போறோம்!"

"அதேதான் அத்த நானும் பண்ணேன். போனாலும் நட்டமில்லாத அகலாப் பாத்துத்தான வைப்போம்?"

"என்னது?"

"நீங்க அடிக்கிற ஆர்டரெல்லாம் ஆறு மாசமா என் கம்ப்யூட்டர்லதான் சேருது. லிஸ்ட்டும் அப்பவே அனுப்பிட்டேன். உங்களோடதுல சீட்டாட்டம் மட்டுந்தான் இருந்துச்சு."

பானுமதி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கருப்புத் திரையில் தெரிந்த தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரிப்பு பீறிட்டது.

"அடிப்பாவி! அப்ப இந்தப் பட்டறையில எனக்கு இருந்த ஒரே வேலையும் போச்சா?"