முடிவைச் சொல்லாதீங்க!

“நாசமாப் போவான்!”

பெருமாள்சாமி போட்ட சத்தத்தில் சுங்குவார்சத்திரம் பிரவுசிங் சென்டர் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

கடைக்காரர் பகலவன் ஓடி வந்தார். “இன்னா சார், நெட்டு கட்டாயிடுச்சா?”

“நெட்டு நல்லாத்தான் இருக்கு. இந்த பிளாக் எழுதுதவன்தான் என் உயிரை வாங்குதான்.”

பெருமாள்சாமி ஒரகடத்தில் ஒரு ஒயரிங் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வாரம் பூராவும் கன்வேயரோடு மல்லுக்கட்டுகிற மனிதருக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் துப்பறியும் நாவல். பழைய நாவல் எது மறுபதிப்பு வந்திருக்கிறது, யார் என்ன விமர்சனம் எழுதியிருக்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து தேடிப் பார்த்துத்தான் வாங்குவார். விமர்சகர்களும் பண்பானவர்கள். கொலையாளி யார் என்று மூச்சு விட மாட்டார்கள்.

ஒரே ஒரு பிளாக் மட்டும் விதிவிலக்கு. அதன் பெயரே ‘முடிவு இதுதான்’. கதை என்ன, நடை எப்படி, ஒரு மண்ணும் இருக்காது. எடுத்த எடுப்பிலேயே, ‘கொன்றது டாக்டரின் தம்பி. சாவி பூந்தொட்டிக்குள் இருந்தது’ என்று போட்டு உடைத்துவிடும். எந்த நாவலைத் தேடினாலும் அதுதான் முந்திரிக்கொட்டையாக முன்னால் வந்து நிற்கும். இன்றைக்குப் பாழானது, நேற்றுத்தான் தபாலில் வந்த நாவல். உறையைக்கூட அவர் இன்னும் பிரிக்கவில்லை.

கீபோர்டு நொறுங்குகிற மாதிரி தட்டினார். ‘அறிவு கெட்டவரே! ஆசையாகப் படிக்கிறவன் வாயில் மண்ணைப் போடுவதில் உமக்கு என்ன லாபம்? இப்படிக்கு, நெல்லை வாசகன்.’

அனுப்பிவிட்டு டீயைக் கையில் எடுத்தார்.

பக்கத்துத் தடுப்புக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. “அக்கா, அந்த நெல்லை வாசகன் மறுபடியும் வந்துட்டான்! அறிவு கெட்டவரேன்னு வஞ்சிருக்கான்!”

பெருமாள்சாமி எழுந்து ப்ளைவுட் தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டினார். உள்ளே இரண்டு பெண்கள். கீபோர்டில் கை வைத்திருந்தவள், அவருடைய லைனிலேயே வேலை பார்க்கிற பாண்டிச்செல்வி.

“நீதானா அது?”

“சார்... நீங்கதானா அது?”

“நானேதான்! ஏம்மா, சாப்பிட உக்காந்தவன் இலையை இழுக்கலாமா? இன்னைக்கே அந்த பிளாக்கை மூடணும். இல்லேன்னா இந்த மாசம் ஓ.டி.யில உன் பேரு இருக்காது, பாத்துக்க!”

சட்டைப்பையிலிருந்து ஓவர்டைம் பெயர் எழுதுகிற தாளை எடுத்து ஆட்டிக் காட்டினார். ஸ்டோரில் ஒரு வெள்ளைத் தாள் கேட்டால் ஆயிரம் கேள்வி. அதனால் ஒரு பக்கம் காலியாக இருக்கிற பழைய தாள் எங்கே கண்ணில் பட்டாலும், மறுபக்கம் என்னவென்று பார்க்காமலே உருவிச் சேர்த்து வைத்து அதில்தான் எழுதுவார். இந்தச் சிக்கனத்துக்காக மேனேஜரே அவரைப் பாராட்டியிருக்கிறார்.

பாண்டிச்செல்விக்கு முகம் சுண்டிப்போனது. ஓ.டி. போனால் வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் அவளுக்கும் எரிச்சல் பொங்கியது.

“சார், எங்க ஹாஸ்டல்ல அம்பது அறுபது பேரு இருக்கோம். எல்லாம் கதைப் பைத்தியம். புதுப் புக்கு வாங்க வழியில்ல. ஓசியில கிடைக்கிற பழைய புக்கைத்தான் ஷிஃப்ட் மாத்தி ஷிஃப்ட் படிக்கோம். ஒண்ணுலயும் கடைசித் தாள் இல்ல சார்!”

“என்னது?”

“கொலைகாரனைப் பிடிக்கப் போற நேரத்துல கிழிஞ்சிருக்கும். நெட்ல தேடினா, எல்லா விமர்சனமும் ‘முடிவைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள்’னு முடியுது. எங்க புத்தகத்துல அதானே சார் இல்ல! அதான் லீவு நாள்ல ஸ்ரீபெரும்புதூர் லெண்டிங் லைப்ரரிக்குப் போயி, கெஞ்சிக் கூத்தாடி, கடைசிப் பக்கத்தை மட்டும் நின்னுக்கிட்டே படிச்சிட்டு வந்து இதுல போடுதேன். பிள்ளைங்க போன்ல பாத்துக்கிடுவாங்க.”

பெருமாள்சாமியின் கோபம் அப்படியே திசை மாறியது. நாவலில் கடைசித் தாளைக் கிழிப்பதா! கொலைகாரனைக்கூட மன்னித்துவிடலாம்.

“எந்தக் களவாணிப்பய செஞ்ச வேலை இது? அவன் கை விளங்குமா?”

“வேணாம் சார். விட்டுருங்க.”

“விடுததாவது! புகார் எழுதி அவனைச் சந்தி சிரிக்க வைக்கேனா இல்லையா பாரு.” சட்டைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். “சொல்லு, எந்த இடத்துப் புக்கு?”

பாண்டிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். “நம்ம கேன்டீன் அலமாரியில கிடக்கிற புக்குதான் சார்.”

எழுதப் போன பேனா நின்றது. பெருமாள்சாமி கையிலிருந்த தாளை மெல்லத் திருப்பினார்.

மறுபக்கத்தில் நாலு வரி அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே, ‘முற்றும்’.

பக்கத்தில் இருந்தவளுக்குக் கேட்காதபடி பாண்டிச்செல்வி சொன்னாள்.

“எல்லாக் கதையிலயும் கொலைகாரன் யாருன்னு சொல்லிட்டேன் சார். தாளைக் கிழிச்சது யாருன்னு மட்டும் இன்னும் யார்கிட்டயும் சொல்லல.”