கூண்டுக்கு வெளியே

கூண்டு காலி.

அமலோ படகின் ஓரத்தில் குனிந்து, கடலில் மிதக்கும் மீன் கூண்டுக்குள் இன்னொரு முறை பார்த்தாள். மிதவை வளையம் இருக்கிறது. வலை இருக்கிறது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசலும் இருக்கிறது. நேற்று அடித்த காற்றின் வேலை.

ஏழு மாதம். விரல் நீளக் குஞ்சுகளாக விட்டு, தினமும் சாளை மீனை நறுக்கிப் போட்டு, மூன்று கிலோவுக்கு வளர்த்த கடல்விரால்கள்.

வரும் சனிக்கிழமை அறுவடை.

"போனது போனதுதான் அமலோ," என்றான் அவள் கணவன். "கடல் மீனு வீடு திரும்புமா?"

உலகம் தின்னும் மீனில் பாதி இப்போது வளர்த்த மீன்தான் என்று பயிற்சி வகுப்பில் கேட்டுவந்து அவள் சொன்ன அன்று, பாம்பனே சிரித்தது. கடலோரத்தில் மீன் வளர்ப்பாளாம், கொல்லன் தெருவில் ஊசி விற்பாளாம். எல்லோரையும்விட அதிகம் சிரித்தவன் இந்த மனிதன்தான். முப்பது வருடம் மீனைத் துரத்தியவனுக்கு வேறு என்ன வரும்?

அவள் தீனி இருந்த தகர வாளியை எடுத்து விரல் கணுவால் தட்டினாள்.

மெதுவாக, மூன்று தட்டு. தினமும் காலையில் தட்டுவதுதான்.

தண்ணீர் சும்மா கிடந்தது.

மறுபடி மூன்று.

படகுக்கு அடியில் ஒரு நிழல் புரண்டது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

வந்துவிட்டன. அத்தனை பெரிய கடலை விட்டுவிட்டு, ஒரு தகர வாளிக்காக வந்துவிட்டன.

கணவன் வாயைத் திறந்தான். மூட மறந்துவிட்டான்.

"கூண்டுக்கு உள்ள தீனி போட்டுக்கிட்டே தட்டுங்க," என்று வாளியை அவன் கையில் திணித்தாள். மிதவை வளையத்தில் இறங்கிக் குப்புறப் படுத்து, கிழிசலை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். போன வழியாகவே வரட்டும்.

அவன் ஒரு கை தீனியை வீசினான். துடுப்பை எடுத்தான். படகுப் பலகையில் ஓங்கி அடித்தான்.

வலைக்குள் மீனை வெருட்டி ஓட்டப் பலகை அடித்தே பழகிய கை. வேறு தட்டு அதற்குத் தெரியாது.

நிழல்கள் சிதறின. ஒன்றுகூட இல்லை.

துடுப்பைக் கீழே வைத்தான். அவன் முகத்தை அப்படி அவள் பார்த்ததே இல்லை. திட்ட நினைத்தவள் திட்டவில்லை.

"வெரட்டாதீக," என்றாள். "கூப்புடுங்க."

கூப்பிடுவதா? மீனையா?

வாளியை மடியில் வைத்துக்கொண்டான். மரத்துப்போன விரலை மடக்கித் தட்டினான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

வெகுநேரம் எதுவும் இல்லை. அவன் நிறுத்தவில்லை.

அவள் மணிக்கட்டை உரசிக்கொண்டு ஏதோ வழுக்கி உள்ளே போனது. குளிர்ச்சியாக, கனமாக. அடுத்தது. அதன் வால் அவள் முகத்தில் தண்ணீரை அடித்தது. அடுத்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியாமல், உப்புத் தண்ணீரைத் துப்பியபடி அப்படியே கிடந்தாள்.

கடைசி நிழலும் உள்ளே போனதும் கிழிசலைச் சேர்த்துப் பிடித்தாள். கட்டக் கயிறு கேட்டாள்.

அவன் காதில் விழவில்லை.

வாளியில் தீனி தீர்ந்திருந்தது. அவன் தலை குனிந்து, உதடு மட்டும் அசைய, தட்டிக்கொண்டே இருந்தான்.

"வா... வா..."