நடு வீடு

வருமானக் கணக்கெடுக்கும் பெண் வருடத்துக்கு ஒருமுறைதான் வருவாள். அன்றைக்கு ஆட்டுக்காரர் விடிந்ததுமே குளித்து, துவைத்த சட்டையை மாட்டிக்கொண்டு, சட்டைப்பையில் சாவிக்கொத்து குலுங்க, வாசலில் இரண்டு நாற்காலிகளைப் போட்டுவிடுவார்.

"போன வருஷத்தைவிட வருமானம் கூடியிருக்காய்யா?"

"கூடறதாவது. ரெண்டு ஆடு செத்ததுதான் மிச்சம்."

அவள் எழுதிக்கொண்டாள். அவர் வழக்கமான கேள்விக்கு வந்தார்.

"வரிசையில நான் எங்கம்மா நிக்கறேன்?"

எல்லா வீட்டு வருமானத்தையும் வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்கும் வீட்டின் வருமானத்தையே ஊரின் வருமானமாக எழுதுவது அவள் வேலை. அந்த வரிசையில் ஆட்டுக்காரருக்கு என்றைக்குமே கடைசி இடம்தான். தெருவே அவரைக் 'கடைசி' என்று கூப்பிட்டுக் கேலி செய்திருக்கிறது.

"இந்த வருஷம் நீங்கதான் நடு வீடு."

"நிஜமாவா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்குக் கீழ எத்தனை வீடு?"

"யாரும் இல்லைங்கய்யா."

"மேல?"

அவள் பேனாவை மூடினாள். தெருவின் இரு பக்கமும் கதவுக்குக் கதவு பூட்டு தொங்கியது.

"மேலயும் யாரும் இல்லை. எதிர்வீட்டு டிரைவர் குடும்பமும் டவுனுக்குப் போயிட்டாங்களாமே."

அவருக்குத் தெரியாததா? ஆனாலும் அதை ஒரு மனுஷர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

அவள் கிளம்ப எழுந்தாள். அவர் சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார்.

"எல்லாரும் சாவியை என்கிட்டதான் குடுத்துட்டுப் போனாங்க. எந்த வீடு பிடிக்குதோ அதுல நீ குடிவந்துடேன்மா. நான் பழையபடி கடைசிக்கே போயிடறேன்."