தெளிவா வை

அடி விழுந்தது. திரையில் அக்காவின் முகம் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சிதறியது.

அவன் மடிக்கணினியின் மேல் குனிந்தான்.

காதில் அம்மா இருந்தாள். குவைத்தில், வேலை செய்யும் வீட்டின் சமையலறையில் நின்றபடி, போனில் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா, கட்டம் கட்டமா கீது. யாரு யார அடிக்கிறாங்கன்னே தெரில."

அக்காவைத்தான் அடிக்கிறார்கள் என்று அவன் சொல்லவில்லை.

மாநில மகளிர் குத்துச்சண்டை இறுதிப் போட்டி. அவன் அக்கா ராயபுரம் ஜெனிட்டாவுக்கும் தூத்துக்குடி முத்தரசிக்கும். போட்டியை இணையத்தில் காட்டும் வேலையை அவன் கேட்டு வாங்கியிருந்தான். அக்கா சண்டையிடுவதை அம்மா ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

முதல் சுற்று முடிந்து மணி அடித்தது.

அரங்கத்து வைஃபையைத் துண்டித்தான். மேசைக்கடியில் சுருண்டு கிடந்த கேபிளை எடுத்துச் சுவரில் செருகினான். கேமராவில் ஷட்டர் வேகத்தைக் கூட்டினான். இனி கையுறை வெறும் சிவப்புக் கோடாக இழுபடாது.

வேகம் கூடியதில் படம் இருண்டது.

"அண்ணே, மேடை லைட்டு எல்லாத்தையும் போடுங்க!"

போட்டார்கள்.

இரண்டாம் சுற்று. இப்போது எல்லாம் தெரிந்தது. நெற்றியில் வழியும் வியர்வை. பல்காப்பைக் கடித்திருக்கும் உதடு. முத்தரசியின் வலது கை கிளம்புவது, வருவது, இறங்குவது.

அக்காவின் உதடு கிழிந்தது.

படம் குவைத் போய்ச் சேரச் சில நொடிகள் ஆகும். அவன் காத்திருந்தான்.

காதில் அம்மாவின் மூச்சு நின்றது.

அடுத்த அடி மூக்கில். அதற்கடுத்தது அதே இடத்தில். ரத்தம் மோவாய் வழியே இறங்கி நீலச் சட்டையைக் கறுப்பாக்கியது. அம்மா சமையலறையில் தனியாக நின்றுகொண்டிருப்பாள். அழுதால்கூட யாருக்கும் கேட்காமல் அழ வேண்டும்.

அவன் படத்தின் தரத்தைக் குறைத்தான். ரத்தம் வெறும் நிழலானது.

"ஏன்டா மங்கலாக்குன?"

"நெட்டு சரியில்லமா."

"பொய் சொல்லாத. தெளிவா வை. நான் பாக்காத ரத்தமா?"

கூட்டினான்.

அம்மா அழவில்லை. அக்கா கயிற்றில் சாய்ந்து இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விலாவில் விழுந்த குத்துகளின் சத்தம் மேசை வரை கேட்டது.

மணி அடித்தது.

"டேய், அந்தப் பொண்ணு வலது கைய வுடறதுக்கு முன்னால இடது தோள எறக்குது. ஒவ்வொரு வாட்டியும். ஜெனி கிட்ட சொல்லு."

"உனக்கு எப்டிமா தெரியும்?"

"உங்கப்பனுக்கும் அப்டித்தான் எறங்கும்."

குவைத் போனதிலிருந்து அம்மா அப்பாவைப் பற்றிப் பேசியதே இல்லை. அந்த ராத்திரிகளில் அவனும் அக்காவும் கட்டிலுக்கடியில் இருப்பார்கள். சத்தம் கேட்கும். எதையும் பார்த்ததில்லை.

அவன் நீல மூலைக்கு ஓடினான். மாஸ்டர் அக்காவின் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"க்கா, அவ இடது தோளு எறங்குனா வலது வருது. எறங்குறப்பவே நீ வுடு."

"யாரு சொன்னா?"

"அம்மா."

அக்கா ரத்தத்தைத் துப்பினாள். தலையை ஆட்டினாள்.

மூன்றாம் சுற்று. முத்தரசியின் தோள் இறங்கியது. அக்காவின் வலது கை அந்த இடைவெளிக்குள் போய்த் தாடையில் வெடித்தது.

மறுபடி இறங்கியது. மறுபடி வெடித்தது.

முத்தரசி பின்வாங்கினாள். அக்கா விடவில்லை. வயிற்றில் ஒன்று. குனிந்த முகத்தில் ஒன்று. கடைசியாக விழுந்த குத்தில் பல்காப்பு தெறித்து மேடைக்கு வெளியே போய் விழுந்தது.

முத்தரசி மண்டியிட்டாள். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தாள். ஒரு கால் தானாக உதைத்துக்கொண்டது.

அரங்கமே எழுந்து கத்தியது. அவனும் கத்தினான். நடுவர் எண்ணக்கூட இல்லை. குனிந்து பார்த்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட்டார்.

குவைத்தில் முத்தரசி இப்போதுதான் விழுந்துகொண்டிருப்பாள். அம்மாவின் சந்தோஷக் குரலுக்காக அவன் காத்திருந்தான்.

"கேமராவ அந்தாண்ட திருப்புடா."

"ம்மா, அக்கா ஜெயிச்சுட்டாம்மா!"

"அந்தப் பொண்ணப் பெத்தவளும் எங்கனா நின்னு பாத்துக்கினு இருப்பா. திருப்பு."

நேரலையை முப்பத்தெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் யார் என்று திரை சொல்லவில்லை.

திருப்பினான்.

திரையில் சுவர் வந்தது. உரிந்த சுண்ணாம்பும் ஒரு பல்லியும் அத்தனை தெளிவாகத் தெரிந்தன. அக்காவின் கையை நடுவர் தூக்கியபோதும் முப்பத்தெட்டுப் பேர் அந்தச் சுவரைத்தான் பார்த்தார்கள்.

அக்கா மேடையிலிருந்து இறங்கி நேராக அவனிடம் வந்தாள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. வாய் முழுக்கச் சிரிப்பு.

"எல்லாம் வந்துச்சாடா? அம்மா பாத்துச்சா?"

ஒரு காதுக் கருவியைக் கழற்றி அவள் காதில் வைத்தான்.

"ம்மா!"

"அந்தப் பொண்ணு எழுந்துச்சாடி?"

அக்கா திரும்பினாள்.

மேடையில் மருத்துவர் முத்தரசியின் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரை விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜெனி?"

அக்கா கையுறையால் வாயைத் துடைத்தாள். கேமரா சுவர்ப் பக்கம்தான் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"எழுந்து நின்னுட்டாம்மா," என்றாள்.