தூங்கி விழாத கோழிகள்

அந்த வீட்டில் எந்தக் கோழி நோய் கண்டு தூங்கி விழுகிறதோ, அன்றைக்கே அது குழம்புச் சட்டிக்குப் போய்விடும். தானாகச் சாகட்டும் என்று விட்டால் கறி வீணாகிவிடுமாம். ஆறு கோழிகளுக்கும் இது நன்றாகத் தெரியும்.

அதனால்தான், வெள்ளைக்கழிச்சல் நோய் கண்ட காலையில் செவலைக்கோழி மற்ற நாளைவிட மும்முரமாகக் குப்பையைக் கிளறியது. பக்கத்தில் மேய்ந்த புள்ளிக்கோழிக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"உடம்பு கொதிக்குதேடி! எங்களுக்கும் ஒட்டிக்கும். ஒதுங்கிப் போய் உட்காரு. தண்ணிச் சட்டியில வாய் வைக்காத."

"ஒதுங்கி உட்கார்ந்தா கழுத்து போயிரும்," என்றது செவலை. "எனக்கென்னடி, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

போன வாரம் ஒதுங்கி உட்கார்ந்த கருப்பியின் இறகுகள் இன்னும் கொல்லையில் பறந்துகொண்டிருந்தன. செவலை தள்ளாடும்போதெல்லாம் புள்ளி ஒட்டி நின்று முட்டுக்கொடுத்தது. எல்லாம் ஒரே சட்டியில்தான் தண்ணீர் குடித்தன.

மூன்றாம் நாள் புள்ளிக்குத் தொண்டை எரிந்தது. இறக்கை ஈயமாய்க் கனத்தது. வீட்டுக்காரி வெளியே வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். ஆறும் தலை நிமிராமல் கொத்திக்கொண்டிருந்தன.

"நம்ம கோழிக்கெல்லாம் ஒரு குறையுமில்ல," என்று சொல்லி அவள் திரும்பும்போதே, செவலை கொத்தின வாக்கில் குப்புற விழுந்தது. அவள் அரிவாள்மணை எடுக்க உள்ளே ஓடினாள்.

புள்ளி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மற்ற நான்கோடும் சேர்ந்து இன்னும் வேகமாகக் கொத்தியது. தரையில் ஒரு தானியம்கூட இல்லை.